‘தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்’: ஆங்கிலத்தின் சிம்பிள் பிரசன்ட், தமிழ் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் முதல் நாள் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காலையில் வழக்கமாக என்னென்ன செய்வீர்கள்? பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இப்படிச் சொல்வார்கள்: ‘ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ். ஐ வில் டேக் பாத். ஐ வில் கோ டு ஆபீஸ்.’ மீதிப் பேர், ‘ஐ ஆம் கெட்டிங் அப் அட் சிக்ஸ்’ என்பார்கள். பள்ளியில் பத்து வருடம் டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள்தான் எல்லோரும். ‘ஐ கெட் அப் அட் சிக்ஸ்’ என்ற எளிய வாக்கியம் மட்டும் வாயில் வராது.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் தமிழைச் சரியாக மொழிபெயர்க்கிறார்கள், அதுதான் சிக்கல். ‘ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், குளிப்பேன், ஆபீசுக்குப் போவேன்’ என்றுதான் நாம் பேசுகிறோம். எழுந்திருப்பேன் என்பது எதிர்காலம் என்று பள்ளியில் படித்தோம். எதிர்காலத்துக்கு ‘வில்’ என்றும் படித்தோம். இரண்டையும் சேர்த்தால் ‘ஐ வில் கெட் அப்’ தானாக வந்துவிடுகிறது. கேட்கிற ஆங்கிலேயருக்கோ அது நாளைக்குப் போட்டிருக்கும் திட்டம் போலக் கேட்கும்.

அதனால் இந்த வழிகாட்டியை அட்டவணையிலிருந்து தொடங்கப் போவதில்லை. நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் தமிழிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: ‘நிகழ்காலம்’ என்ற பெயரை நம்பாதீர்கள்

சிம்பிள் பிரசன்ட் என்பதைச் சாதாரண நிகழ்காலம் என்று மொழிபெயர்க்கிறோம். நிகழ்காலம் என்றதும் ‘இப்போது நடப்பது’ என்று மனம் நினைத்துக்கொள்கிறது. இப்போது கண்ணெதிரே நடந்துகொண்டிருப்பதைச் சொல்லத்தான் ஆங்கிலத்தில் இந்த வடிவம் பெரும்பாலும் பயன்படாது. அதற்கு ‘ஐ ஆம் ஈட்டிங்’ போன்ற பிரசன்ட் கன்டினியூவஸ் இருக்கிறது. நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, நாளையும் இருக்கும் என்று நாம் எதை நினைக்கிறோமோ, அதற்குத்தான் சிம்பிள் பிரசன்ட்.

இந்தக் கருத்து நமக்குப் புதிதில்லை. மூன்று காலத்திலும் ஒரே தன்மையில் இருக்கும் பொருளை நிகழ்காலத்தால் சொல்வார்கள் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லியிருக்கிறார். ‘மலை நிற்கிறது’ என்பது அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. மலை இந்த நிமிடம் மட்டும் நிற்கவில்லை, எப்போதும் நிற்கிறது. ‘தி மௌன்டன் ஸ்டாண்ட்ஸ்.’ ஆங்கில இலக்கணம் படிக்கும்போது இந்த மலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்த விஷயம் மலை மாதிரி நிற்கிறதா, பஸ் மாதிரி இப்போது கடந்துபோகிறதா என்று கேட்டுக்கொண்டால் பாதி முடிவு தானாகக் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: உங்கள் தமிழ் வாக்கியத்தைத் தரம் பிரியுங்கள்

ஆங்கிலத்தின் இந்த ஒரே வடிவத்துக்குத் தமிழில் மூன்று வடிவங்கள் இருக்கின்றன.

முதலாவது மேலே பார்த்த ‘ப்பேன், வேன், உம்’ வகை. ‘அப்பா தினமும் நடைப்பயிற்சி போவார்.’ ‘இந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும்.’ ‘மார்கழியில் பனி கொட்டும்.’ வடிவம் எதிர்காலம், பொருள் வழக்கம். இவை எல்லாமே ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசன்ட்: ‘மை ஃபாதர் கோஸ் ஃபார் எ வாக் எவ்ரி டே.’ சோதனை எளிது. வாக்கியத்தில் ‘வழக்கமாக’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள்; பொருள் மாறவில்லை என்றால் ‘வில்’ வேண்டாம். ‘அப்பா நாளைக்கு மதுரை போவார்’ என்பதில் ‘வழக்கமாக’ ஒட்டாது. அது உண்மையான எதிர்காலம், அங்கே ‘வில்’ போடலாம்.

இரண்டாவது ‘கிறேன்’ வகை. இது இரட்டை முகம் கொண்டது. ‘என்ன பண்ற?’ என்று யாராவது போனில் கேட்டு, ‘சாப்பிடுறேன்’ என்று நீங்கள் சொன்னால் அது இப்போது நடப்பது: ‘ஐ ஆம் ஈட்டிங்.’ ‘நான் முட்டை மட்டும் சாப்பிடுறேன், கறி சாப்பிடுறதில்லை’ என்றால் அது பழக்கம்: ‘ஐ ஈட் எக்ஸ்.’ தமிழில் சொல் ஒன்றேதான், சூழ்நிலைதான் பொருளைப் பிரிக்கிறது. ஆங்கிலம் அந்த வேலையைச் சூழ்நிலையிடம் விடாமல் வினைச்சொல்லிலேயே பிரித்துவிடுகிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பேச்சில், ‘பேங்க்ல வேலை பார்த்துட்டு இருக்கேன்’ என்று நிரந்தர வேலையையும் சொல்கிறோம். அதை அப்படியே ‘ஐ ஆம் வொர்க்கிங் இன் எ பேங்க்’ ஆக்கினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் தற்காலிகமாக அங்கே இருக்கிறேன், வேறு வேலைக்குப் போகலாம் என்ற சாயல் அதில் ஏறிவிடும். நேர்காணலிலோ விசா அலுவலகத்திலோ அந்தச் சாயல் முக்கியம். நிலையான வேலை என்றால் ‘ஐ வொர்க் இன் எ பேங்க்.’ குடியிருக்கும் ஊரும் அப்படித்தான். ‘ஐ லிவ் இன் திருச்சி’ என்றால் அதுதான் என் ஊர், என் வீடு. ‘ஐ ஆம் லிவிங் இன் திருச்சி’ என்றால் இப்போதைக்கு அங்கே இருக்கிறேன்.

மூன்றாவது வகை ‘தெரியும், பிடிக்கும், புரிகிறது, வேண்டும், வைத்திருக்கிறேன்’ போன்ற நிலைச் சொற்கள். இவை செயல்களே இல்லை. யாரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ‘தெரிந்துகொண்டிருப்பதில்லை’. ஆங்கிலத்தில் இவற்றுக்குச் சிம்பிள் பிரசன்ட் மட்டும்தான்: ‘ஐ நோ’, ‘ஐ லைக்’, ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’, ‘ஐ வான்ட்’, ‘ஐ நீட்’, ‘ஐ பிலீவ்’, ‘இட் பிலாங்ஸ் டு மீ’, ‘இட் காஸ்ட்ஸ் ஃபிஃப்டி ருபீஸ்’, ‘இட் மீன்ஸ்’. இந்த நொடியில்தான் புரிந்தது என்றாலும் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’தான்.

‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’, ‘ஐ ஆம் ஹேவிங் எ பைக்’ என்று நம்மவர்கள் சொல்வது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ‘பைக் வச்சிருக்கேன்’, ‘ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க’ என்பதில் வரும் அந்த ‘இருக்கு’தான் காரணம் என்பது என் எண்ணம். ‘சாப்பிட்டுட்டு இருக்கேன்’ என்பதில் வரும் அதே ‘இருக்கு’ காதில் விழுந்ததும் நாக்கு ‘ஐஎன்ஜி’யைத் தேடிப் போய்விடுகிறது. உடைமை என்றால், உறவு என்றால், நோய் என்றால் ‘ஹேவ்’ மட்டும்: ‘ஐ ஹேவ் டூ சில்ட்ரன்’, ‘ஐ ஹேவ் எ பைக்’, ‘ஷி ஹேஸ் எ ஃபீவர்.’ சாப்பிடுவது, குடிப்பது என்ற பொருளில் அதே ‘ஹேவ்’ செயலாகிவிடும். அப்போது ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ முழுக்கச் சரி. ‘திங்க்’கும் இப்படித்தான். ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்பது கருத்து. ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் இட்’ என்பது இப்போது மண்டையைக் குடையும் வேலை.

மூன்றாம் படி: வடிவம், அந்த ஒரே ஒரு ‘எஸ்’

தமிழ் வினைச்சொல் ஆளைப் பார்த்து உடை மாற்றும்: வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, வருகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஐ கம், யூ கம், வீ கம், தே கம்’ என்று எல்லாமே ஒன்று. ஹி, ஷி, இட் மூன்றுக்கு மட்டும் ‘கம்ஸ்’. ஏழு விகுதியைச் சிறு வயதிலேயே பிசகாமல் கற்ற நாம் இந்த ஒரு ‘எஸ்’ஸைத் தவறவிடுகிறோம். ‘மை மதர் குக் வெல்’ என்று பட்டதாரிகளும் எழுதுகிறார்கள்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் விகுதிகள் கூடுதலாக இருந்தன. 1611-இல் அச்சான ஆங்கில பைபிளில் ‘தௌ கோயெஸ்ட்’, ‘ஹி கோயெத்’ என்று இருக்கும். ‘எத்’ இருந்த இடத்தை இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சிலிருந்து வந்த ‘எஸ்’ பிடித்துக்கொண்டது. ‘தௌ’ வழக்கொழிந்து அதன் விகுதியும் போய்விட்டது. எஞ்சி நிற்பது இந்த ஒன்றுதான். தேர்விலும் நேர்காணலிலும் எல்லோரும் முதலில் கவனிப்பதும் இதைத்தான்.

எழுதும்போது பெரும்பாலும் ‘எஸ்’ மட்டும் சேர்த்தால் போதும். சொல்லின் கடைசியில் எஸ், எஸ்ஹெச், சிஹெச், எக்ஸ், இஸட், ஓ என்ற எழுத்துகள் வந்தால் ‘இஎஸ்’: பாஸஸ், வாஷஸ், வாட்சஸ், ஃபிக்ஸஸ், கோஸ், டஸ். மெய்யெழுத்தை அடுத்து ‘ஒய்’ வந்தால் அது ‘ஐஇஎஸ்’ ஆகும்: ஸ்டடி, ஸ்டடீஸ், க்ரை, க்ரைஸ். ‘ப்ளே’, ‘சே’, ‘பை’ போல உயிரெழுத்துக்குப் பின் ‘ஒய்’ வந்தால் ‘ஒய்’ அப்படியே இருக்கும். ‘ஹேவ்’ மட்டும் ‘ஹேஸ்’ ஆகும். எழுத்து விதிகள் இவ்வளவுதான்.

உச்சரிப்பில் கொஞ்சம் நிற்க வேண்டும். எழுத்தில் ஒன்றாகத் தெரியும் அந்த ‘எஸ்’ வாயில் மூன்று விதமாக ஒலிக்கும். பி, டி, கே, எஃப் ஒலிகளில் முடியும் சொல்லுக்குப் பின் பாம்பு சீறுவது போலக் காற்று மட்டும் வரும்: ஸ்டாப்ஸ், ஈட்ஸ், வொர்க்ஸ், லாஃப்ஸ். உயிரொலி, ‘ம்’, ‘ன்’, ‘ல்’, ‘ர்’ போன்றவற்றுக்குப் பின் வண்டு முரல்வது போலத் தொண்டை அதிரும்: கோஸ், கம்ஸ், ரன்ஸ், கால்ஸ். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் அந்த அதிர்வு தெரியும். மூன்றாவது வகையில், ‘ச’, ‘ஷ’, ‘ஜ’ போன்ற ஒலிகளுக்குப் பின் ஒரு அசையே கூடுகிறது: வாட்ச் ஓர் அசை, வாட்சஸ் இரண்டு அசை. டீச், டீச்சஸ், மேனேஜ், மேனேஜஸ். இரண்டு சொற்களை மட்டும் தனியாகப் பழகுங்கள். ‘சே’ என்பது ‘சேஸ்’ ஆகாது, ‘செஸ்’. ‘டூ’ என்பது ‘டூஸ்’ ஆகாது, ‘டஸ்’.

நம் நாக்குக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் ஒரு ‘உ’ சேர்ப்போம்: ‘வொர்க்கு’, ‘வொர்க்ஸு’. அந்த ‘உ’ வந்ததும் ‘எஸ்’ மங்கிப் போகிறது. ‘வொர்க்ஸ்’ என்று சொல்லி, காற்றோடு நிறுத்திப் பழகுங்கள்.

யாருக்கு ‘எஸ்’, யாருக்கு இல்லை என்பதிலும் தமிழ் இரண்டு இடங்களில் இடறவைக்கும். ஒன்று, மரியாதை. ‘அப்பா வருகிறார்’, சில வீடுகளில் ‘அப்பா வர்றாங்க’. ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை கிடையாது. முதலமைச்சரானாலும் மூன்று வயதுக் குழந்தையானாலும் ஒருவர் என்றால் ‘ஹி கம்ஸ்’, ‘ஷி கம்ஸ்’. இரண்டு, ‘எல்லோரும்’. தமிழில் ‘எல்லோருக்கும் தெரியும்’, ‘எல்லோரும் வருகிறார்கள்’ என்று பன்மை. ஆங்கிலத்தில் ‘எவ்ரிபடி’ ஒருமை: ‘எவ்ரிபடி நோஸ்.’ ‘நோபடி’, ‘சம்படி’, ‘ஈச்’ எல்லாம் ஒருமைதான். ‘நியூஸ்’ பன்மை போலத் தெரிந்தாலும் ஒருமை. ‘பீப்பிள்’, ‘போலீஸ்’ ஒருமை போலத் தெரிந்தாலும் பன்மை: ‘பீப்பிள் சே’, ‘தி போலீஸ் நோ.’

வகுப்பில் நான் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு: ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘எஸ்’. ‘பாய்ஸ் ரன்’ என்றால் பெயரில் இருக்கிறது, ‘தி பாய் ரன்ஸ்’ என்றால் வினையில் இருக்கிறது. ‘சில்ட்ரன்’, ‘பீப்பிள்’ போன்றவற்றுக்கு இது உதவாது. ஆனால் தொடக்கத்தில் பத்துக்கு எட்டு வாக்கியங்களை இது காப்பாற்றும்.

நான்காம் படி: ‘ஆம், இஸ், ஆர்’ எங்கே, எங்கே இல்லை

‘அவர் டாக்டர்.’ ‘என் பெயர் செல்வி.’ தமிழில் இங்கே வினைச்சொல்லே தேவையில்லை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது: ‘ஹி இஸ் எ டாக்டர்.’ இந்த விதியை ஆர்வமாகக் கற்றவர்கள் அடுத்த கட்டத்தில் எல்லா இடத்திலும் ‘ஆம்’ போடத் தொடங்குவார்கள்: ‘ஐ ஆம் அக்ரீ’, ‘ஐ ஆம் வொர்க் இன் சேலம்.’ வேறு வினைச்சொல் வந்துவிட்டால் ‘ஆம்’ நகர்ந்துகொள்ள வேண்டும்: ‘ஐ அக்ரீ’, ‘ஐ வொர்க் இன் சேலம்.’

மாறாக, தமிழில் வினையாக இருக்கும் சில உடலுணர்வுகள் ஆங்கிலத்தில் பண்புச்சொல்லாக வரும். பசிக்கிறது, ‘ஐ ஆம் ஹங்ரி.’ தாகமாக இருக்கிறது, ‘ஐ ஆம் தர்ஸ்டி.’ பயமாக இருக்கிறது, ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்.’ தலை வலிக்கிறது மட்டும் உடைமைக் கணக்கில் போய்விட்டது: ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்.’ இவற்றுக்குக் காரணம் தேடாமல் அப்படியே வாயில் ஏற்றிக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: ‘இல்லை’ என்று சொல்வது

‘ஆம், இஸ், ஆர்’ போன்ற சிலவற்றைத் தவிர, ஆங்கில வினைக்குத் தனியாக ‘இல்லை’ சொல்லத் தெரியாது. ‘டூ’ என்ற உதவியாள் வேண்டும்: ‘ஐ டோன்ட் ஸ்மோக்’, ‘தே டோன்ட் கம்.’ படர்க்கை ஒருமையில் ‘டஸன்ட்’: ‘ஹி டஸன்ட் ஸ்மோக்.’ அந்த ‘எஸ்’ இப்போது ‘டஸ்’ஸுக்குள் போய்விட்டது. அதனால் பின்னால் வரும் வினை மொட்டையாக நிற்கும். ‘ஹி டஸன்ட் ஸ்மோக்ஸ்’ என்பது ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘எஸ்’. முன்பு சொன்ன குறுக்குவழி இங்கேயும் காப்பாற்றும்.

நாலு நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ஐ நோ நாட்’ என்றே சொன்னார்கள். இன்று அப்படிச் சொன்னால் பழைய செய்யுள் போலிருக்கும். ‘ஐ நாட் நோ’ என்று இன்றைய ஆங்கிலத்தில் இல்லை.

இந்த இடத்தில் தமிழ் இழுக்கும் திசையைக் கவனியுங்கள். ‘எங்க வீட்ல யாரும் மீன் சாப்பிட மாட்டாங்க.’ இதை ‘வில் நாட் ஈட்’ என்று மாற்றத் தோன்றும். ‘தே வோன்ட் ஈட் ஃபிஷ்’ என்றால், கொடுத்தாலும் சாப்பிட மறுக்கிறார்கள் என்ற முறைப்பு அதில் வரும். பழக்கத்தைச் சொல்லத்தானே வந்தோம், அதற்கு ‘வீ டோன்ட் ஈட் ஃபிஷ் அட் ஹோம்’ போதும். ‘இந்த பஸ் அங்கே நிக்காது’ என்பதும் ‘திஸ் பஸ் டஸன்ட் ஸ்டாப் தேர்’. மாட்டேன், மாட்டார், ‘நிற்காது’வில் வரும் ஆது: இவை பழக்கத்தைச் சொன்னால் ‘டோன்ட், டஸன்ட்’ என்று மனதில் முடிச்சுப் போட்டுவிடுங்கள். ‘வரவில்லை’யில் தனிக் கவனம் வேண்டும். ‘நேற்று வரவில்லை’ என்றால் ‘டிட் நாட் கம்’. ‘ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை’ என்றால் ‘டஸன்ட் கம் ஆன் சண்டேஸ்’.

இன்னொன்று: தமிழில் ‘யாரும்’, ‘எதுவும்’, ‘ஒருபோதும்’ வந்தால் வினையும் எதிர்மறையாக வேண்டும். ஆங்கிலத்தில் ‘நோபடி’, ‘நத்திங்’, ‘நெவர்’ என்ற சொற்களே எதிர்மறையைச் சுமந்துவிடுகின்றன. ‘நோபடி கம்ஸ்.’ ‘ஹி நெவர் லைஸ்.’ பக்கத்தில் ‘டஸன்ட்’ போட்டால் பொருள் குழம்பிவிடும்.

ஆறாம் படி: கேள்வி கேட்பது

தமிழில் கேள்வி மிக எளிது, கடைசியில் ‘ஆ’ போட்டால் போதும். வருகிறீர்களா, தெரியுமா, பிடிக்குமா. அந்த ‘ஆ’ ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முன்னால் ‘டூ’ அல்லது ‘டஸ்’ ஆக வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘டூ யூ லைக் காஃபி?’ ‘டஸ் ஷி ஸ்பீக் தமிழ்?’ எங்கே, எப்போது, ஏன் என்ற சொற்கள் அதற்கும் முன்னால் வரும்: ‘வேர் டூ யூ வொர்க்?’ ‘வேர் யூ ஆர் வொர்க்கிங்?’ என்று நம் தெருக்களில் கேட்பது, சொல் வரிசையைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசுவதால் வருகிறது.

‘யார்’ என்பதே எழுவாயாக இருந்தால் ‘டூ’ வேண்டாம்: ‘ஹூ லிவ்ஸ் ஹியர்?’ இன்னொரு வாக்கியத்துக்குள் கேள்வி உட்கார்ந்தாலும் வேண்டாம், ‘எஸ்’ தன் இடத்துக்குத் திரும்பிவிடும்: ‘டெல் மீ வேர் ஹி வொர்க்ஸ்.’

‘வாட் டூ யூ டூ?’ என்று யாராவது கேட்டால் உங்கள் தொழிலைக் கேட்கிறார்கள். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது ‘வாட் ஆர் யூ டூயிங்?’ ஊரில் ‘என்ன பண்றீங்க?’ என்ற ஒரே கேள்வி இரண்டுக்கும் ஓடும்.

வாக்கியத்தின் கடைசியில் நாம் சேர்க்கும் ‘இல்லையா?’ ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்காது. ‘யூ லிவ் ஹியர், டோன்ட் யூ?’ ‘ஷி சிங்ஸ் வெல், டஸன்ட் ஷி?’ எல்லாவற்றுக்கும் ‘இஸன்ட் இட்?’ போடுவது இந்தியப் பேச்சில் சகஜம். பேசும்போது யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை, எழுத்துத் தேர்வில் மட்டும் கவனமாக இருங்கள்.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வது இதைவிட முக்கியம், ஏனென்றால் அங்கே பொருளே தலைகீழாகிவிடும். ‘நீங்க காபி குடிக்க மாட்டீங்களா?’ என்று கேட்டால், குடிக்காதவர் ‘ஆமா, குடிக்க மாட்டேன்’ என்பார். கேட்டவர் சொன்னது உண்மை என்று தமிழ் ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘டோன்ட் யூ ட்ரிங்க் காஃபி?’ என்பதற்கு அவர் ‘நோ, ஐ டோன்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். கேள்வி எப்படி வந்தாலும் உங்கள் செய்தி ‘உண்டு’ என்றால் ‘யெஸ்’, ‘இல்லை’ என்றால் ‘நோ’. மருத்துவமனையிலும் குடியேற்ற கவுன்டரிலும் இதைத் தப்பாகச் சொன்னால் உங்கள் பதில் நேர் எதிராகப் பதிவாகும். இதை மட்டும் தனியாக ஒரு வாரம் பழகுங்கள்.

ஏழாம் படி: பயன்படும் இடங்கள்

பழக்கமும் நிலையும் பார்த்தாயிற்று. பழக்கத்தோடு வரும் ‘ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், நெவர்’ வினைக்கு முன்னால் உட்காரும்: ‘ஐ யூஷுவலி வாக்.’ ‘ஆம், இஸ், ஆர்’ வந்தால் அதற்குப் பின்னால்: ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்.’

மாறாத உண்மைகள்: ‘தி காவேரி ரைசஸ் இன் குடகு.’ கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதும் அப்படி: ‘வாட்டர் பாயில்ஸ் அட் 100 டிகிரீஸ்.’ செய்முறை, சமையல் குறிப்பு, இயந்திரம் இயங்கும் விதம் எல்லாம் இதே காலம்தான். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்கள் ஒரு தயாரிப்பு முறையை விளக்கும் படத்தைப் பார்த்து எழுதும்போதும் இதையே பிடித்துக்கொள்ள வேண்டும். படம் பார்த்த கதையை நண்பருக்குச் சொல்லும்போது, கிரிக்கெட் வர்ணனையில், செய்தித்தாள் தலைப்பில் எல்லாம் இதே காலம் வரும். நேற்று நடந்ததைக்கூடத் தலைப்பு நிகழ்காலத்தில் சொல்லும்.

கால அட்டவணை: ‘தி லாஸ்ட் பஸ் லீவ்ஸ் அட் நைன் தர்ட்டி.’ புறப்படப் போவது இனிமேல்தான் என்றாலும், அட்டவணை மலை மாதிரி நிற்கிறது அல்லவா, அதனால் சிம்பிள் பிரசன்ட்.

இனி, நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் இடம். ‘அவர் வரும்போது சொல்கிறேன்.’ இதில் வரும் ‘வரும்’ என்ற சொல்லில் எதிர்காலம் இருக்கிறது. அதனால் ‘வென் ஹி வில் கம், ஐ வில் டெல்’ என்று மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் ‘வென், இஃப், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், அஸ் சூன் அஸ்’ தொடங்கும் பகுதியில், நடக்கப் போவதைச் சொன்னாலும், ‘வில்’ வராது: ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.’ ‘இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் ஸ்டே ஹோம்.’ எதிர்காலத்தை இரண்டாவது பகுதி சொல்லிவிடுகிறது, முதல் பகுதி சும்மா இருந்தால் போதும். ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுபவர்களிடமும் மிஞ்சியிருக்கும் பிழை இது. ‘வந்தால்’, ‘வந்ததும்’, ‘வரும்வரை’, ‘வருவதற்கு முன்’ என்று நான்கு தமிழ் வடிவங்களை எழுதி, நான்குக்கும் நேராக ‘கம்ஸ்’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயன்படாத இடம் ஒன்றும் உண்டு. ‘2015-லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்.’ தமிழில் நிகழ்காலம். ஆங்கிலத்தில் ‘ஐ வொர்க் ஹியர் சின்ஸ் 2015’ தவறு. ‘லிருந்து’, ‘பத்து வருடமாக’ என்று தொடக்கப் புள்ளியோ கால அளவோ வந்துவிட்டால் ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2015’ என்று பெர்ஃபெக்டுக்குப் போக வேண்டும். அது வேறு பாடம். எல்லை எங்கே என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

எட்டாம் படி: பயிற்சி

கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சியால் எழுத்து தேறும், வாய் தேறாது. என் மாணவர்களுக்கு நான் கொடுப்பது வேறு: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் ஒரு நாளை எட்டு வரியில் எழுதுங்கள். அம்மா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் ‘நான்’ மட்டும் வேண்டாம். ‘ஐ’யில் எழுதினால் ‘எஸ்’ வராது, பிழையும் வெளியே தெரியாது. மாதிரிக்கு ஒன்று:

‘மை அங்கிள் ஹேஸ் எ டீ ஷாப் நியர் தி பஸ் ஸ்டாண்ட். ஹி ஓப்பன்ஸ் இட் அட் ஃபோர் இன் தி மார்னிங். ஹி பாயில்ஸ் தி மில்க் ஃபர்ஸ்ட். ஹி டஸன்ட் சிட் டவுன் அன்டில் நைன். மை ஆன்ட் பிரிங்ஸ் ஹிஸ் பிரேக்ஃபாஸ்ட். பீப்பிள் ரீட் தி பேப்பர் அண்ட் டாக் அபவுட் பாலிடிக்ஸ். ஹி லிசன்ஸ், பட் ஹி நெவர் ஆர்கியூஸ். ஆன் சண்டேஸ் தி ஷாப் க்ளோசஸ் அட் நூன்.’

இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: மாமா கடை வச்சிருக்கார், நாலு மணிக்குத் திறப்பார், முதல்ல பால் காய்ச்சுவார், ஒன்பது மணி வரைக்கும் உட்கார மாட்டார். வச்சிருக்கார், திறப்பார், மாட்டார் என்று தமிழ் மூன்று வழியில் போனாலும் ஆங்கிலம் ஒரே வழியில் போகிறது.

முதல் நாள் எழுதி, வினைச்சொற்களின் கீழே மட்டும் கோடு போடுங்கள். இரண்டாம் நாள் சத்தமாகப் படித்து மொபைலில் பதிவு செய்து, ஒவ்வொரு ‘எஸ்’ஸும் காதில் விழுகிறதா என்று கேளுங்கள், ‘க்ளோசஸ்’ இரண்டு அசையாக வந்ததா என்று பாருங்கள். மூன்றாம் நாள் ‘மை அங்கிள்’ இருக்கும் இடத்தில் ‘மை அங்கிள்ஸ்’ போட்டு முழுவதையும் மாற்றுங்கள். ‘ஹேஸ்’ ‘ஹேவ்’ ஆகும், ‘ஓப்பன்ஸ்’ ‘ஓப்பன்’ ஆகும், ‘டஸன்ட்’ ‘டோன்ட்’ ஆகும், ‘க்ளோசஸ்’ மாறாது, ஏனென்றால் மூடுவது கடை. நான்காம் நாள் ஒவ்வொரு வரியையும் கேள்வியாக்குங்கள்: ‘வென் டஸ் ஹி ஓப்பன் தி ஷாப்?’ ‘ஹூ பிரிங்ஸ் ஹிஸ் பிரேக்ஃபாஸ்ட்?’ இரண்டாவதில் ‘டஸ்’ ஏன் வரவில்லை என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் பேப்பரை மூடிவைத்துவிட்டு, அந்த மாமாவைப் பற்றி வீட்டில் ஒருவரிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நடுவில் ‘ஹி வில் ஓப்பன்’ என்று வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, அந்த வரியை மட்டும் ‘ஹி ஓப்பன்ஸ்’ என்று மீண்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். ஆறாம் நாள் வேறொரு ஆளை எடுத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்.